ஆறு இலக்க எண்ணை அக்குவேறு ஆணிவேறாகப் பிரிப்பது எப்படி? வியாசர்பாடி 600039-ஐ வைத்து ஒரு வழிகாட்டி

பள்ளியில் கணிதக் கண்காட்சிக்கு "ஒரு பெரிய முழு எண்ணை எடுத்து அதன் பண்புகளையெல்லாம் எழுதி வா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். டிசம்பர் 22, தேசியக் கணித நாள் நெருங்கும்போது வடசென்னையில் பல வீடுகளில் இந்த வேலை வந்து நிற்கும். என் மகளுக்கு வந்தபோது உட்கார்ந்து செய்ய வேண்டியவன் நானும்தான். பாடப்புத்தகத்தில் 360, 720 மாதிரி எண்களோடு கணக்கு முடிந்துவிடுகிறது. இணையத்தில் எண்ணைப் போட்டால் விடை உடனே வருகிறது, ஆனால் செய்முறை வருவதில்லை. ஆசிரியர் கேட்பதோ செய்முறையை. நடுவில் இருக்கும் வழியை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் இது. குரூப் 4 தேர்வுக்கு மீ.பொ.கா. (மீப்பெரு பொதுக் காரணி), மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) படிப்பவர்களுக்கும் பாதிக்கு மேல் உதவும்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லாப் பண்புகளும் ஒரே ஒரு வரியிலிருந்து வருகின்றன: பகாக் காரணிகளின் (1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் காரணிகளின்) பெருக்கமாக அந்த எண்ணை எழுதும் வரி. அது சரியாக வந்துவிட்டால் மீதி வேலை ஒரு மணி நேரம். அது தவறினால் அதற்குப் பிறகு எழுதும் ஒவ்வொன்றும் தவறு.

1. கையில் என்னென்ன வேண்டும்

கோடு போடாத நீள நோட்டு ஒன்று. பென்சில், ரப்பர். 1 முதல் 800 வரையுள்ள பகா எண்களின் பட்டியல், ஒரு பக்கத்தில் அடங்கும், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண கால்குலேட்டர் அல்லது போன். கடைசியில் ஒட்டுவதற்குச் சார்ட் பேப்பர் ஒன்றும் ஒரு ஃபைலும். எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை எங்களுக்கு. எண்களைப் பிரித்துத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் ஆப் எதையும் வாங்காதீர்கள். அதற்குத் தேவையே இல்லை. வீட்டில் லினக்ஸ் கணினி இருந்தால் "ஃபேக்டர்" என்ற கட்டளை அதிலேயே இலவசமாக இருக்கிறது, சரிபார்க்க அது போதும்.

நேரம்: எண் நல்லதாக அமைந்தால் பிரிப்பதற்கு அரை மணி. மோசமாக அமைந்தால் ஒரு சாயங்காலம் முழுக்க. அது எண்ணைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது.

2. எண்ணைத் தேர்ந்தெடுப்பது: இங்கேதான் பாதி வேலை

குழந்தைகள் முதலில் எடுத்துக்கொண்டு வருவது அப்பாவின் போன் நம்பர். வேண்டாம். ஓர் எண்ணைப் பிரிக்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும் (ஏன் என்று 3-ஆம் படியில் சொல்கிறேன்). பத்து இலக்க எண்ணுக்கு வர்க்கமூலம் ஒரு லட்சத்தை ஒட்டிப் போகலாம். ஒரு லட்சத்துக்குள் 9592 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் கையால் வகுத்துப் பார்க்க முடியாது. இன்னொன்று, போன் நம்பரையோ ஆதார் எண்ணையோ முன்பின் தெரியாத இணையதளத்தில் "பிரித்துக் காட்டு" என்று தட்டச்சு செய்யாதீர்கள். சார்ட்டில் எழுதிச் சுவரில் ஒட்டவும் கூடாது.

பின்கோடு எடுங்கள். ஆறு இலக்கம், பெரிதாகவும் இருக்கும், கைக்கு அடங்கவும் செய்யும், யாருடைய ரகசியமும் இல்லை. குழந்தைக்கும் "இது நம்ம ஏரியா" என்று ஒரு பிடிப்பு வரும். ஆனால் எல்லாப் பின்கோடும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. நம் பக்கத்து எண்கள் சிலவற்றைப் பிரித்து வைத்திருக்கிறேன்:

ஜி.பி.ஓ., பாரிமுனை 600001 = 19 × 23 × 1373
பெரம்பூர் 600011 = பகா எண்
ராயபுரம் 600013 = 53 × 11321
திருவொற்றியூர் 600019 = 7 × 85717
பழைய வண்ணாரப்பேட்டை 600021 = 3³ × 71 × 313
வியாசர்பாடி 600039 = 3² × 11² × 19 × 29

பெரம்பூர்க்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், அவர்கள் எண் பகா எண். ஆனால் பள்ளி வேலைக்கு அது ஆகாது. 1, அதே எண் என்று இரண்டே காரணிகள். சார்ட்டில் எழுத ஒன்றும் இருக்காது. அதுவும் பகா எண்தான் என்று காட்ட, 773 வரையுள்ள 137 பகா எண்களாலும் வகுத்து, எதிலும் மீதியின்றிப் போகவில்லை என்று எழுத வேண்டும். நிமிடத்துக்கு ஒன்று போட்டாலும் இரண்டே கால் மணி நேரம். திருவொற்றியூரும் அப்படித்தான். 7 உடனே வந்துவிடும், ஆனால் 85717 பகா எண் என்று நிறுவ 292-க்குள் இருக்கும் 61 பகா எண்களையும் பார்க்க வேண்டும்.

வியாசர்பாடி எண் சின்னச் சின்னக் காரணிகளாக உடைகிறது. அதனால் இனி எல்லாப் படிகளையும் அதை வைத்தே சொல்கிறேன். உங்கள் எண்ணுக்கும் இதே வரிசைதான்.

3. எங்கே நிறுத்த வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

774 × 774 = 599076. 775 × 775 = 600625. நம் எண் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ஆக, அது முழுவர்க்கம் இல்லை. இன்னொரு செய்தியும் இதிலேயே கிடைக்கிறது: 600039 பகு எண்ணாக இருந்தால் 774-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தே தீர வேண்டும். இரண்டு காரணிகளும் 774-க்கு மேல் இருந்தால் பெருக்கம் எண்ணைத் தாண்டிவிடும் அல்லவா? ஆகவே 774-க்கு மேல் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை.

இந்த எல்லை நிலையானது அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு காரணி கிடைத்து எண் சுருங்கியதும் எல்லையும் சுருங்கும். 600039-ஐ 9-ஆல் வகுத்தால் 66671. அதன் எல்லை 258. அதையும் இரண்டு முறை 11-ஆல் வகுத்தால் 551. அதன் எல்லை வெறும் 23. நோட்டில் ஒவ்வொரு ஈவின் பக்கத்திலும் புது எல்லையை எழுதிக்கொண்டே போங்கள். தேவையில்லாத வகுத்தல்களில் நூறு வகுத்தலாவது குறையும்.

4. சென்னைக்காரர்களுக்கு ஒரு குறுக்குவழி

சென்னைப் பின்கோடு எதுவானாலும் 600-இல்தான் தொடங்குகிறது. அதாவது 600000 + ஏதோ ஒரு மூன்று இலக்க எண். 600000-ஐ ஒவ்வொரு பகா எண்ணாலும் ஒரே ஒரு முறை வகுத்து மீதியை எழுதி வைத்துக்கொண்டால், அதன் பிறகு எந்தப் பின்கோட்டுக்கும் கடைசி மூன்று இலக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். ஆறு இலக்கக் கணக்கு மனக்கணக்காகிவிடும்.

3-ஆல் வகுத்தால் மீதி 0
7-ஆல் மீதி 2
11-ஆல் மீதி 5
13-ஆல் மீதி 11
17-ஆல் மீதி 2
19-ஆல் மீதி 18, அதாவது ஒன்று குறைவு
23-ஆல் மீதி 22, இதுவும் ஒன்று குறைவு
29-ஆல் மீதி 19, அதாவது பத்து குறைவு
31-ஆல் மீதி 26, அதாவது ஐந்து குறைவு

பயன்படுத்துவது இப்படி. வியாசர்பாடியின் கடைசி மூன்று இலக்கம் 039. 3-க்கு மீதி 0, 39 மூன்றால் வகுபடும், எனவே 3 காரணி. 7-க்கு 39 + 2 = 41, வகுபடாது. 11-க்கு 39 + 5 = 44, வகுபடும். 13-க்கு 39 + 11 = 50, இல்லை. 17-க்கு 41, இல்லை. 19-க்கு 39 − 1 = 38, வகுபடும். 23-க்கும் அதே 38, வகுபடாது. 29-க்கு 39 − 10 = 29, வகுபடும்.

பேனாவை எடுக்காமலே 3, 11, 19, 29 நான்கும் கிடைத்துவிட்டன. பாரிமுனை 001-க்குப் போட்டுப் பாருங்கள்: 1 − 1 = 0. அதனால்தான் ஜி.பி.ஓ. எண் 19-ஆலும் வகுபடுகிறது, 23-ஆலும் வகுபடுகிறது. திருவொற்றியூர் 019: 19 + 2 = 21, ஏழால் வகுபடும். 2-க்கும் 5-க்கும் கடைசி இலக்கத்தைப் பார்த்தாலே தெரியும், அட்டவணை வேண்டாம்.

இந்த அட்டவணையைச் சார்ட்டில் பெரிதாக எழுதி வையுங்கள். கண்காட்சிக்கு வருகிற பெற்றோர் ஒவ்வொருவரும் தங்கள் பின்கோட்டைச் சொல்லிச் சோதிக்கச் சொல்வார்கள். குழந்தை வாயாலேயே பதில் சொல்லும்.

5. பிரித்து எழுதுதல்

600039 ÷ 3 = 200013
200013 ÷ 3 = 66671
66671-இன் இலக்கங்களைக் கூட்டினால் 26. மூன்று முடிந்தது.
66671 ÷ 11 = 6061
6061 ÷ 11 = 551
551 ÷ 19 = 29

29 பகா எண். முடிந்தது: 600039 = 3² × 11² × 19 × 29.

இந்தப் படியில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று.

ஒன்று, ஒரு காரணி ஒரு தடவை வகுத்ததும் அடுத்ததற்குத் தாவுவது. மேலே அட்டவணை 11 வகுக்கும் என்று மட்டும்தான் சொன்னது, எத்தனை முறை என்று சொல்லவில்லை. 6061-ஐ மறுபடியும் 11-ஆல் வகுத்துப் பார்க்காவிட்டால் அடுக்கு விட்டுப்போகும். மீதி வராத வரை அதே எண்ணாலேயே வகுத்துக்கொண்டிருங்கள்.

இரண்டு, பார்த்தால் பகா எண் போலவே தோன்றும் எண்கள். 551-ஐக் காட்டினால் பத்துப் பேரில் பெரும்பாலோர் பகா எண் என்பார்கள். 19 × 29. இதே கூட்டத்தில் 91, 221, 299, 323, 391, 667, 713 எல்லாம் வரும். வண்ணாரப்பேட்டை எண்ணில் இன்னும் பெரிய பொறி இருக்கிறது: மூன்றால் மூன்று தடவை வகுத்தபின் 22223 என்று அழகான எண் நிற்கும். 2, 3, 5, 7, 11, 13 எதுவும் போகாது. அங்கேயே விட்டுவிடத் தோன்றும். 71 வரை போனால்தான் 71 × 313 என்று உடையும். ராயபுரம் எண்ணும் 53 வரை வாய் திறக்காது.

மூன்று, கால்குலேட்டரில் புள்ளிக்குப் பின் வருவதைக் கவனிக்காமல் முழு எண் என்று எழுதிவிடுவது. சந்தேகம் வந்தால் ஈவைத் திருப்பிப் பெருக்கிப் பாருங்கள்.

6. பெருக்கிச் சரிபாருங்கள்

9 × 121 = 1089. 19 × 29 = 551. 1089 × 551 = 600039. இந்த மூன்று வரிகளை ஃபைலில் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். இதைத்தான் ஆசிரியர் முதலில் பார்க்கிறார். இது இல்லாமல் அடுத்த படிக்குப் போகவே போகாதீர்கள்.

7. எல்லாக் காரணிகளும்

எத்தனை காரணிகள் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 3 × 3 × 2 × 2 = 36. எழுதி முடித்தபின் 36 இல்லையென்றால் எங்கோ விட்டிருக்கிறீர்கள்.

வாய்க்கு வந்தபடி எழுதினால் கட்டாயம் விட்டுப்போகும். வரிசை வரிசையாக எழுதுங்கள். முதலில் 3-உம் 11-உம் மட்டும் சேர்ந்து உண்டாக்கும் ஒன்பது:

1, 3, 9, 11, 33, 99, 121, 363, 1089

அடுத்த வரி, இதையே 19-ஆல் பெருக்கியது:

19, 57, 171, 209, 627, 1881, 2299, 6897, 20691

மூன்றாவது, 29-ஆல்:

29, 87, 261, 319, 957, 2871, 3509, 10527, 31581

நான்காவது, 551-ஆல்:

551, 1653, 4959, 6061, 18183, 54549, 66671, 200013, 600039

நான்கு வரி, வரிக்கு ஒன்பது, மொத்தம் 36. இவை 18 சோடிகளாகச் சேரும், ஒவ்வொரு சோடியின் பெருக்கமும் 600039. ஒன்றுக்கொன்று மிக நெருக்கமான சோடி 627 × 957.

8. காரணிகளின் கூடுதல்: இந்தப் படியை அவசரமாகக் கடக்காதீர்கள்

முதல் வரியில் உள்ள ஒன்பது எண்களையும் கூட்டுங்கள். 1 + 3 + 9 + 11 + 33 + 99 + 121 + 363 + 1089.

1729.

ராமானுஜன் எண் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்களே, அதே 1729. 12³ + 1³ என்றும் 10³ + 9³ என்றும் இரண்டு விதமாக எழுதக்கூடியது. யாரும் திட்டமிட்டு வைத்ததில்லை. தபால் துறை கொடுத்த எண்ணின் உள்ளே அது உட்கார்ந்திருக்கிறது.

காரணமும் எளிது. மூன்றின் அடுக்குகள் 1 + 3 + 9 = 13. பதினொன்றின் அடுக்குகள் 1 + 11 + 121 = 133. 13 × 133 = 1729. மற்ற இரண்டு பகா எண்களுக்கு 1 + 19 = 20, 1 + 29 = 30. 20 × 30 = 600. ஆக, 36 காரணிகளின் மொத்தக் கூடுதல் 1729 × 600 = 1037400. சென்னைப் பின்கோட்டின் முதல் மூன்று இலக்கமும் ராமானுஜன் எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. தற்செயல்தான். ஆனால் எனக்கு இதைவிட அழகான தற்செயல் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. சார்ட்டின் நடுவில் இதைத்தான் வைக்க வேண்டும்.

600039-ஐ மட்டும் விட்டுவிட்டு மற்ற 35 காரணிகளையும் கூட்டினால் 437361. எண்ணைவிடக் குறைவு. 6, 28 போன்ற நிறைவெண்களில் இந்தக் கூடுதல் எண்ணுக்குச் சமமாக இருக்கும். நம்முடையது அந்த வகை இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும்.

9. சார்பகா எண்கள் எத்தனை

1 முதல் 600039 வரை உள்ள எண்களில், 600039-ஓடு 1-ஐத் தவிர வேறு பொதுக் காரணி இல்லாதவை எத்தனை? ஒவ்வொன்றாக எண்ண வேண்டாம். ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறையுங்கள்: 19-க்கு 18, 29-க்கு 28. அடுக்கு இரண்டாக இருந்தால் அதே எண்ணால் ஒரு முறை பெருக்க வேண்டும்: 3-க்கு 3 × 2 = 6, 11-க்கு 11 × 10 = 110. எல்லாவற்றையும் பெருக்குங்கள்: 6 × 110 × 18 × 28 = 332640.

பொறி: அடுக்கு இரண்டு என்பதை மறந்து 3-க்கு வெறும் 2, 11-க்கு வெறும் 10 என்று போடுவது. விடை 33 மடங்கு குறைந்துவிடும்.

விடையை எழுதியதும் மூடிவிடாதீர்கள். 332640-ஐயும் பிரித்துப் பாருங்கள்: 2⁵ × 3³ × 5 × 7 × 11. காரணிகள் 6 × 4 × 2 × 2 × 2 = 192. இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றித்தான் ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதச் சங்க இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். வியாசர்பாடி எண் ராமானுஜனை இரண்டு முறை தொடுகிறது.

10. இரண்டு சின்னச் சேர்க்கைகள்

இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுத முடியுமா? எந்த வர்க்கத்தையும் 4-ஆல் வகுத்தால் மீதி 0 அல்லது 1. இரண்டைக் கூட்டினால் 0, 1, 2 மட்டுமே வரும். 600039-க்கு மீதி 3. எனவே முடியாது. ராயபுரம் எண்ணுக்கு முடியும், அதுவும் இரண்டு விதமாக: 467² + 618², 723² + 278². வகுப்பில் ராயபுரத்துப் பிள்ளை இருந்தால் சேர்ந்து செய்யச் சொல்லுங்கள்.

மீ.பொ.கா.: வண்ணாரப்பேட்டை 600021, வியாசர்பாடி 600039. இரண்டின் வித்தியாசம் 18, பொதுக் காரணி எதுவானாலும் 18-ஐ வகுக்க வேண்டும். இரண்டுமே ஒற்றைப்படை, இரண்டுமே 9-ஆல் வகுபடும். ஆக மீ.பொ.கா. 9. மீ.பொ.ம. 66669 × 600039 = 40004000091, அதாவது 4000 கோடியே 40 லட்சத்து 91. எட்டு இலக்கக் கால்குலேட்டர் இதைக் காட்டாது, பிழைக் குறிதான் வரும். போனில் போடுங்கள், அல்லது 600000, 39 என்று பிரித்துக் கையால் பெருக்குங்கள். எக்செல் பயன்படுத்துபவர்கள் கவனிக்க: 15 இலக்கம் வரைதான் சரியாக வைத்திருக்கும், அதற்குமேல் உள்ள இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும்.

11. ஃபைல், கால அட்டவணை

ஃபைலில் இந்த வரிசை சரியாக இருந்தது: எண்ணும் அது எங்கிருந்து வந்தது என்பதும், எல்லைக் கணக்கு, 600000-இன் மீதி அட்டவணை, பிரிப்பு, சரிபார்ப்புப் பக்கம், 36 காரணிகள், கூடுதல், சார்பகா எண்கள், கடைசியில் பகா எண் பட்டியலின் ஜெராக்ஸ். வகுத்துப் பார்த்துப் போகாத எண்களையும் மீதியோடு எழுதி வையுங்கள், அடித்துவிடாதீர்கள். செய்முறை என்று ஆசிரியர் கேட்பது அதைத்தான். கணினி அச்சுத் தாளை ஒட்டுவதானால் சரிபார்ப்புப் பக்கத்துக்குப் பின்னால் மட்டும் ஒட்டுங்கள்.

டிசம்பர் முதல் ஞாயிறு எண்ணைத் தேர்ந்தெடுத்துப் பிரித்துவிடுங்கள். அடுத்த வாரத்தில் ஒரு நாள் காரணிகளும் கூடுதலும். இரண்டாவது ஞாயிறு சார்ட். அரையாண்டுத் தேர்வும் அதே மாதத்தில்தான் வரும், கடைசி வாரத்துக்குத் தள்ளினால் இரண்டும் கெடும்.

நடுவில் ஒரு நாள் கிடைத்தால் ராயபுரத்தில் இருக்கும் ராமானுஜன் அருங்காட்சியகத்துக்குக் குழந்தையை அழைத்துக்கொண்டு போய் வாருங்கள். கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் முயற்சியில் 1993-இல் தொடங்கியது. குடியிருப்புத் தெருவுக்குள் இருக்கும் சின்ன இடம், பெரிய பலகையைத் தேடாதீர்கள். திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.